மூன்று மில்லிமீட்டர் சண்டை



தா.பழூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் மேற்கே அரியலூர் போக வேண்டும். இல்லாவிட்டால் மதனத்தூர் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போக வேண்டும். அரியலூரில் கார்டு லைன், கும்பகோணத்தில் மெயின் லைன். ரயிலுக்காக இவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு அதன் மேல் ஆசையும் கூடத்தான் இருக்கும். அந்த ஆசை முற்றி, வீட்டுக்குள்ளேயே தண்டவாளம் போட்டுச் சின்ன ரயில் ஓட்டுகிறவர்கள் நம் நாட்டில் உண்டு. அப்படி இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படிப் போகும் தெரியுமா?

“அண்ணே, புது எஞ்சின் வாங்கியிருக்கேன். ஈரோடு ஷெட், டபிள்யூ.ஏ.பி.4.”

“அழகா இருக்கு தம்பி. சக்கரத்தை எண்ணிப் பாத்தியா?”

“சக்கரத்தை எதுக்கு எண்ணணும்?”

“நம்ம எஞ்சினுக்குக் கீழ, சக்கரம் பூட்டின ஒவ்வொரு போகியிலயும் மூணு அச்சு. இதுல ரெண்டுதான் இருக்கு. எந்த ஊர் எஞ்சினுக்கோ நம்ம சாயத்தைப் பூசிக் குடுத்திருக்காங்க.”

“சாயம் சரியா இருக்குல்ல?”

“சாயம் சரிதான். எஞ்சின்தான் வேற!”

இப்படிச் சீண்டுவதில் பகை கிடையாது. அடுத்த வாரம் அதே அண்ணன்தான் நல்ல போகி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்தில் அதிகம் விற்கும் மாதிரி ரயில் அளவு எச்.ஓ. நிஜ வண்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் வரும் அளவு அது. அதற்குரிய தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு இது கச்சிதம். நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஆக, கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம் ரயிலை நிறுத்தினால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. இந்த மூன்று மில்லிமீட்டருக்காக விடிய விடிய வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களை மிகவும் பிடிக்கும்.

ஆனாலும் என் கட்சி வேறு. அகலத்தை மன்னிக்கலாம், நீளத்தை மன்னிக்கக் கூடாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. அதன் பழைய பெட்டி 21.3 மீட்டர் நீளம். இப்போது ஓடும் எல்.எச்.பி. பெட்டி 23.5 மீட்டர். எச்.ஓ. அளவில் ஒன்று 24.5 சென்டிமீட்டர், மற்றொன்று 27. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். வளைவில் திரும்பாது என்பதற்காகப் பெட்டியைக் குட்டையாக்கி விற்கிறார்கள். அதைக் கோத்து ஓட்டினால் நாம் ஏறிப் போன ரயில் மாதிரியே இருக்காது. முழு நீளம் வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற இடமும் வேண்டும். 22 எல்.எச்.பி. பெட்டி கோத்த ரயில் ஆறு மீட்டருக்கு அருகில் வந்துவிடும். “திண்ணையில ஆரம்பிச்சா கொல்லைப்பக்கம் போய் நிக்குதே” என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

இன்னொரு சிக்கல், வருஷம். “அரியலூர் வழியா ஓடுற வைகை எக்ஸ்பிரஸ் வேணும்” என்று யாராவது சொன்னால், அனுபவசாலி உடனே கேட்பார்: “எந்த வருஷத்து வைகை?” 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது அது மீட்டர் கேஜ் ரயில். பிறகு பாதை மாறியது, பெட்டி மாறியது, எஞ்சின் மாறியது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. வருஷத்தை முடிவு செய்யாமல் வாங்கினால், ஒரு காலத்து எஞ்சின் வேறொரு காலத்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்.

மீட்டர் கேஜ் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆயிரம் மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் மீட்டர் கேஜ் ரயில் நிறைய ஓடுவதால் அந்த ஊர் ரயில் பிரியர்களுக்காகத் தயாராவது அது. நமக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிடுகிறது. அகலப்பாதையில் கிடைக்காத துல்லியம் பழைய பாதையில் கிடைக்கிறது!

தண்டவாளம் கிடைத்துவிடும். அதில் ஓட நம் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் ஒய்.பி.க்கு எங்கே போவது? முன்னால் நாலு, நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் ரெண்டு. 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள் கட்டப்பட்டன. மாதிரி வேண்டுமென்றால் பித்தளைத் தகட்டை வெட்டியோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ கையால் செய்வதுதான் வழி. கையில் பழைய படங்கள் இருந்தால்தான் அதையும் செய்ய முடியும். கொதிகலன் மேல் குழாய் எந்தப் பக்கம் போகிறது, விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் படத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

மாதிரி ரயில் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் ஓடும் மாதிரியை ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். புனேயில் பி.எஸ்.ஜோஷி உருவாக்கி 1998இல் திறந்த சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரியலூர் நடைமேடையில் நின்று நிஜ ரயிலைப் பாருங்கள். சிமென்ட் ஏற்றிய சரக்கு வண்டி நின்றால் அதையும் விடாதீர்கள். அரியலூர் நிலையத்தை மாதிரியாகக் கட்டுகிறவர் சிமென்ட் வண்டி வைக்காவிட்டால் அது அரியலூரே அல்ல. குழந்தைக்கு வாங்குகிறவர்கள் அளவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். கீழே விழுந்தால் உடையாததாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், போதும்.

மாதிரி செய்யப் பழைய படம் வேண்டும் என்றேன்; அதற்காக நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். செந்துறை, அரியலூர், சில்லக்குடி, கல்லகம் நிலையங்களில் மீட்டர் கேஜ் காலத்தில் எடுத்த படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். கல்யாணத்துக்குப் போனபோது எடுத்ததாகக்கூட இருக்கலாம். மனிதர்களுக்குப் பின்னால் ஒரு பெட்டியோ எஞ்சினோ தெரிந்தால், அது எந்த வருஷம், எந்த ரயில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.