பெஷாவர் கண்ட இரண்டு படைகள்



பயங்கரவாதத்தின் வேர் எது என்று கேட்டால் பலருக்கு விடை நுனிநாக்கில் இருக்கிறது. மதம் என்கிறார்கள். வேதநூல் என்கிறார்கள். அந்த மண்ணின் ரத்தமே அப்படி என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களை நான் ஒரே ஓர் ஊருக்கு அழைக்கிறேன்: இன்றைய பாகிஸ்தானில், கைபர் கணவாயை ஒட்டிய பெஷாவர்.

1930 ஏப்ரல் 23. எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கானை வெள்ளையர் அரசு கைது செய்த நாள். கிஸ்ஸா குவானி கடைவீதியில் மக்கள் திரண்டார்கள். கவச வண்டிகள் வந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. முன்வரிசை சாயச் சாய அடுத்த வரிசை வந்து நின்றது. யார் அவர்கள்? பட்டாணியர்கள்! ரத்தப் பழி தீர்ப்பதைக் குலமானமாகக் கருதிய சமூகத்தின் பிள்ளைகள். அவர்களைக் கொண்டு ஓர் அகிம்சைப் படையையே திரட்டியிருந்தார் கபார் கான். பழிவாங்க மாட்டேன் என்று இறைவன் பெயரால் உறுதி எடுத்த படை அது. குதாயி கித்மத்கார், கடவுளின் தொண்டர்கள் என்று அதற்குப் பெயர். அந்த முஸ்லிம் மக்களைச் சுட மாட்டோம் என்று மறுத்துச் சிறைக்குப் போனார்கள், வெள்ளையர் படையில் இருந்த, சந்திர சிங் தலைமையிலான கார்வால் சிப்பாய்கள். அவர்கள் இந்துக்கள்!

இதற்கெல்லாம் முன்பு கபார் கான் முதலில் திறந்தது படைமுகாம் அல்ல, பள்ளிக்கூடம்.

அதே ஊருக்கு ஐம்பது ஆண்டு கழித்து வாருங்கள். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். சோவியத்தை எதிர்த்துப் போரிட்ட ஆப்கன் குழுக்களுக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது, சவூதி அரேபியா அதற்கு ஈடாகக் கொடுத்தது. பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. அதைப் பங்கு போட்டது. மதத் தீவிரம் மிகுந்த ஹெக்மத்தியார் கட்சிக்குப் பெரும்பங்கு! 1984-ல் பாலஸ்தீன மதபோதகர் அப்துல்லா அஸ்ஸாம் பெஷாவரில் அலுவலகம் திறந்து அரபு இளைஞர்களை வரவழைத்தார். அமெரிக்க அரசின் செலவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஆப்கன் குழந்தைகளுக்குப் பாடநூல் தயாரித்தது. அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்து எண்ணக் கற்றார்கள் தெரியுமா? தோட்டாக்களையும் டாங்கிகளையும்!

1988 ஜனவரியில் பெஷாவரில் கண்மூடினார் கபார் கான். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே ஊரில், பின்லேடனும் கூட்டாளிகளும் கூடி அல்-கொய்தாவுக்கு அடித்தளம் போட்டார்கள். மதம் மாறியதா? இல்லை. வேதநூல் மாறியதா? இல்லை. வந்து இறங்கிய பணம் மாறியது, கையில் கொடுத்த பாடம் மாறியது!

கருத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. எகிப்தின் சையித் குத்புவின் எழுத்தில் அந்தத் தீவிரம் முன்பே இருந்தது. 1966-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள், எழுத்து சாகவில்லை. ஆனால் எழுத்து மட்டும் ஏவுகணை வாங்காது. தத்தம் பகையைத் தீர்த்துக்கொள்ள அரசுகள் தீவிரவாதிக்குச் சம்பளம் கொடுத்தன. 1989-ல் சோவியத் படை வெளியேறியது. கொடுத்தவர்கள் கணக்கை மூடினார்கள். வாங்கியவர்கள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

2014 டிசம்பர் 16. மீண்டும் பெஷாவர். பாகிஸ்தான் தாலிபான்கள் ராணுவப் பள்ளிக்குள் புகுந்து 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றார்கள். கபார் கான் பள்ளியிலிருந்து தொண்டர்களை உருவாக்கிய நிலத்தில், பள்ளிக்குள்ளேயே பிணங்கள் விழுந்தன.

ஆகவே, தோழர்களே, மதத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வெறுப்பைப் போதிக்கிறவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அவன் பாடப்புத்தகத்தை அச்சிடுவது யார்? அவன் வளர்ந்தால் யாருக்கு லாபம்? எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும், நமக்கு வேண்டிய கட்சியே துணைநின்றாலும், முதல் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். குண்டு வெடித்த பிறகு கேட்பது விசாரணை. வெடிக்கும் முன்பே கேட்பதுதான் குடிமக்களின் கடமை!