வராத மனிதனுக்கு ஒரு சபை

  

இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு, திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டிய வாத்தியாரை அழைத்திருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்தது ஒரு பேராயரின் கதை. விடைத்தாள் திருத்தும்போதும் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும் என்று பழைய மாணவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தப் பேராயர், லெஸ்லி நியூபிகின், 1936இல் ஸ்காட்லாந்து மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். இந்தக் கொடைக்கானலும் அந்தப் பேராயத்தில்தான் இருந்தது. கிராமம் கிராமமாகப் போய், அங்கே இருக்கும் மனிதர்களோடு தமிழில் பேசிப் பழகியவர் அவர்.

அறுபதுகளில் மேற்கே வேறு காற்று அடித்தது. இறையியலாளர் ஹார்வி காக்ஸின் ‘தி செக்யுலர் சிட்டி’ 1965இல் வெளியாகி அமோகமாக விற்றது. இருபத்தோராம் நூற்றாண்டில் விசுவாசிகள் சின்னச் சின்னக் குழுக்களாக ஒடுங்கிவிடுவார்கள் என்று சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1968இல் சொன்னார். நாளைய மனிதன் சமயத்தைத் துறந்தவன், அவனுக்கேற்ப இன்றே சபையை மாற்றியமைப்போம் என்று பல சபைகள் துணிந்தன. நியூபிகினும் அந்தக் காற்றுக்குத் தப்பவில்லை. 1966இல் வந்த அவருடைய ‘ஹானஸ்ட் ரிலிஜன் ஃபார் செக்யுலர் மேன்’ அந்த மனிதனைப் பெரிதும் நம்பி எழுதிய புத்தகம்.

அந்த மனிதன், குறைந்தபட்சம் நம் பக்கம், வரவே இல்லை. எழுபதுகளில் இறையியல் படித்தவர்கள், இந்த வாத்தியார் உட்பட, விடுதியில் காக்ஸைப் பற்றி விடியவிடிய விவாதித்தார்கள். பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்தின் ஒலிபெருக்கி தொல்லை தாங்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் விவாதித்தார்கள்! 

அதே காக்ஸ் 1995இல் பெந்தெகொஸ்தே எழுச்சியைப் பற்றியே ‘ஃபயர் ஃப்ரம் ஹெவன்’ எழுதினார். பெர்கர் 1999இல் தம் கணிப்பு தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். அறிஞர்கள் கருத்தை மாற்றிக்கொள்ள ஒரு புத்தகம் போதும். கணிப்பை நம்பி வழிபாட்டையும் ஊழியத்தையும் மாற்றிய சபைக்கு அது அவ்வளவு லேசான காரியமா? இன்று ‘அடுத்த தலைமுறைக்கான சபை’ என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்க்கும்போது இந்த வாத்தியாருக்கு அதனால்தான் ஐயம் எழுகிறது.

மாறவே கூடாது என்பதல்ல வாதம். மிஷனரிப் பிள்ளைகளுக்காக 1901இல் இந்த ஊரில் தொடங்கிய பள்ளி, மிஷனரிகள் குறைந்து வேறு பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக மாறியது. வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்காக நடந்த மாற்றம் அது.

நியூபிகினுக்கு வருவோம். 1974இல் ஓய்வுபெற்றதும் விமானம் ஏறவில்லை. மனைவி ஹெலனோடு கிடைத்த பஸ்களில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போனார். துருக்கியின் கப்பதோக்கியாவில் ஒரு ஞாயிறு வந்தது. ஒரு காலத்தில் பெரும் இறையியலாளர்கள் வாழ்ந்த மண் அது. அங்கே கூட வழிபட ஒரு கிறிஸ்தவர்கூட இல்லாமல் கணவனும் மனைவியுமாக ஆராதித்தார்கள். வழிநெடுக அப்படி நேர்ந்தது அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான்.

தம் நாட்டில் அவர் கண்டது, நவீனக் கலாசாரத்துக்குத் தலையாட்டிப் பழகிவிட்ட சபை. 1989இல் வந்த ‘தி காஸ்பெல் இன் எ ப்ளூரலிஸ்ட் சொசைட்டி’ அந்தக் கலாசாரத்தையே கேள்வி கேட்கிறது. 1966ஆம் ஆண்டுப் புத்தகத்தையும் இதையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே ஆள்தானா எழுதினார் என்று தோன்றும்.

புத்தகம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பர்மிங்ஹாமில் வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சின்னஞ்சிறு சபையை மூடிவிடலாம் என்று மேலிடம் யோசித்தபோது, எழுபது வயது தாண்டிய அந்தப் பேராயர் போதகர் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே சுவிசேஷத்தின்மேல் இருந்த ஏளனம், இந்தியாவில் சந்தித்த எதிர்ப்பைவிடக் கடுமையானது என்று எழுதினார். எழுதிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்.