கருப்பன் போன கடைசிப் பெட்டி

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தெற்கே போகிற ரயிலில் இடம் பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தக் கூட்டத்துக்குள் இப்போது நாய்க்குட்டிகளும் சேர்ந்துகொண்டன. குட்டி வீட்டுக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் பண்டிகை வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு ஊருக்கு வரமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அப்படி ஒரு குட்டியோடு எங்கள் குடும்பம் தென்காசிக்குப் போன கதையை இன்று சொல்கிறேன். தாராளமாகச் சிரியுங்கள், எங்கள் வீட்டில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

குட்டி சிப்பிப்பாறை இனம். முயல் வேட்டைக்குப் பேர்போன தெற்கத்தி நாய். நான்கு மாதத்திலேயே உடம்பைவிடக் கால் நீளமாக நிற்கும். அண்ணன் பிள்ளைகள் ராக்கி என்று பெயர் வைத்தார்கள். அம்மா கருப்பன் என்றார். அது இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்காது. பால் கிண்ணத்தைத் தட்டினால் மட்டும் பறந்து வரும்.

ரயிலில் நாயை ஏற்றுவதற்கு விதி இருக்கிறது. ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கூபேயையோ நான்கு பெர்த் கேபினையோ முழுவதுமாக எடுத்தவர்கள் நாயைத் தங்களோடு வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் எதிலும் நாய்க்கு அனுமதி கிடையாது. அந்த வகுப்புகளில் போகிறவர்கள் பார்சல் ஆபீசில் கட்டணம் கட்டி, கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் விட வேண்டும். வழியில் சோறும் தண்ணீரும் கொடுப்பது நாயின் சொந்தக்காரர் பொறுப்பு. எங்களுக்குக் கிடைத்தது ஸ்லீப்பர். அதுவும் என்ஜினுக்கு அடுத்தாற்போல முன்பக்கம். கருப்பனோ கடைசிப் பெட்டியில். 22 பெட்டி கோத்த ரயில் என்றால் இடையில் அரை கிலோமீட்டர் தூரம்.

விழுப்புரம் வந்தபோது இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. லுங்கியும் பனியனுமாகப் படுத்திருந்த அண்ணன் பால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினார். போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. அவர் கடைசிப் பெட்டியை எட்டும்போது கார்டு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏறுங்க சார், பக்கத்துப் பெட்டியில ஏறுங்க!" என்று அவர் கத்த, அண்ணன் முன்பதிவில்லாத பெட்டிக்குள் தாவி ஏறினார். உள்ளே பொங்கல் கூட்டம். ஒரு காலை வைத்தவருக்கு இன்னொரு காலுக்கு இடமில்லை. கையில் பால் பாட்டிலைப் பார்த்த ஒரு பாட்டி, "தம்பி, பால் எவ்வளவு?" என்று விலை கேட்டார். விற்க வரவில்லை, நாய்க்குக் கொண்டுபோகிறேன் என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் பாட்டியின் மடியிலிருந்த பேரன் வீறிட்டு அழுதான். பால் அவனுக்குப் போனது. அதற்குப் பிறகு அண்ணனுக்கு உட்கார இடம் கிடைத்தது. விருத்தாசலத்தில் இறங்கப் பார்த்தார். வாசலை நெருங்குவதற்குள் வண்டி எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பெட்டியில் அம்மா அபாயச் சங்கிலியில் கை வைத்துவிட்டார். கீழ் பெர்த்தில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் பதறி எழுந்தார். தக்க காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு என்று சொல்லித் தடுத்தார். நான் அண்ணனைத் தேடிப் பெட்டி பெட்டியாக நடந்து, பூட்டியிருந்த இடைக்கதவு வரை போய்விட்டேன். அந்த நேரத்தில் எதிர் சீட்டுக் கல்லூரிப் பெண் ரயில்வே உதவி எண் 139ஐ அழைத்து, போனை அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள்.

"கருப்பனுக்குப் பால் கொடுக்கப் போனவன் வரலைய்யா, ரயில் கிளம்பிட்டு."

"கருப்பனுக்கு என்ன வயசும்மா?"

"நாலு மாசம்."

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. கடைசிப் பெட்டியில தனியாக் கெடக்கான்."

திருச்சியில் வண்டி நின்றதும் ரயில்வே போலீசார் இரண்டு பேர் பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். பெண் காவலர் கையில் ஒரு கம்பளி. "குழந்தை எங்க?" என்று கேட்டபடி அவர் எங்களை நோக்கி ஓடிவர, பின்னாலிருந்து காலிப் பாட்டிலோடு அண்ணன் ஓடிவர, "ராக்கி, ராக்கி" என்று பிள்ளைகள் அழ, அது நாய் என்று சொல்லி விளங்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்தப் பெண் கோபப்படவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, உங்க பிள்ளையைப் பார்த்துட்டே போறேன்" என்று எங்களோடு கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்தார்.

அங்கே எங்கள் சிரிப்பு நின்றது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து, விரித்த சாக்கு நனைந்து, கருப்பன் ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு வரை ஓயாமல் குரைத்து, பிறகு ஊளையிட்டு, கடைசியில் சத்தமே வரவில்லை என்றார் கார்டு. கம்பளியைக் கூண்டுக்குள் விரித்துவிட்டுப் போனார் அந்தக் காவலர். கார்டு, காவலர் இரண்டு பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி சொல்லும்.

வளர்ந்த நாய், கூண்டுக்குப் பழகிய நாய் என்றால் அந்த இரவைத் தாங்கிக்கொள்ளும். வீட்டுக்குப் புதிதாக வந்த குட்டிக்குத் தன் பெயரே தெரியாது. நம் வாசனை ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதையும் பறித்து, இரும்புச் சத்தத்துக்கு நடுவே இருட்டில் பூட்டி வைப்பது கொடுமை என்றே நான் சொல்வேன். தாயை விட்டு வந்து சில வாரமே ஆன உயிர் அது. திரும்பி வரும்போது வாடகைக் கார் எடுத்தோம். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டினோம். அம்மாவின் பழைய சேலை மேல் படுத்துத் தூங்கிக்கொண்டே வந்தது கருப்பன்.

வரும் பண்டிகைக்குக் குட்டியோடு ஊருக்குப் போக நினைக்கிற நேயர்களே, உங்களுக்கு நிச்சயமான டிக்கெட் கிடைத்துவிட்டதா என்று மட்டும் பார்க்காதீர்கள். குட்டி உங்கள் அருகில் இருக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி உட்பட எல்லா ஊசியும் முடிந்ததா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஊசி முடியாத குட்டியைப் பிளாட்பாரத்தில் இறக்கவே கூடாது. கூடவே வைத்துக்கொள்ள வழியில்லை என்றால், அதற்குப் பழகிய ஒருவரிடம் வீட்டிலேயே விட்டுப் போங்கள். பிள்ளைகள் ஒருநாள் அழுவார்கள், அழட்டும்.