முன்னால் நடந்தவன்

வயலிலிருந்து நேரே வந்து சேற்றுக்காலோடு கடைசியில் நிற்கிற என் தம்பிமார்களே! முன்னால் வாருங்கள் தம்பி, உங்களுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

நீலகிரி என்றால் ஊட்டி, ஊட்டி என்றால் ஏரியும் பூங்காவும் என்று பேசித் திரிகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். மேடை ஏறினால் மலைரயிலைப் பிடித்துக்கொள்வார்கள். 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதை, 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். எனக்கும் அது பெருமைதான்! ஆனால் கூடலூர் என்றதும் வாய் அடைத்துப்போகிறதே, ஏன்? மைசூர் பஸ் நின்று டீ குடிக்கிற இடமா ஐயா கூடலூர்? ஊசிமலையில் ஏறி நின்று பாருங்கள். காடு மடிப்பு மடிப்பாகக் கீழே இறங்குகிற அந்தக் காட்சிக்கு எந்தப் பூங்கா ஈடு?

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அந்த மலைக்குக் கேட்கட்டும்.

கூடலூர் பக்கத்துத் தேவாலாவின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 1880 வாக்கில் அங்கே தங்கம் இருக்கிறது என்று லண்டனே கிளம்பியது. முப்பதுக்கு மேல் கம்பெனி! மலையைக் குடைந்தார்கள். கொட்டிய பணத்துக்குப் பொன் கிடைக்கவில்லை. சில வருஷத்தில் மூட்டை கட்டினார்கள். சுரங்கவாய்கள் மட்டும் காட்டுக்குள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. ஆனால் துரைமார் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஓடை மணலை அலசிப் பொன் எடுத்தவன் யார்? பழங்குடிக் குறும்பன்! அவன் பெயர் என்ன? எந்தக் கல்லிலும் இல்லை.

1819-ல் மலை ஏறிய சல்லிவன் துரைக்குக் கன்னேரிமுக்கில் நினைவகம் இருக்கிறது. இருக்கட்டும், நன்றி மறக்கக் கூடாது. அந்த மலைப்பாதையைத் தலைமுறை தலைமுறையாகக் காலால் போட்டு வைத்தவனுக்கு எங்கே இருக்கிறது?

2023-ல் நம் காட்டைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வந்ததே! தெப்பக்காட்டில் தாயில்லா யானைக்குட்டி ரகுவைத் தன் பிள்ளையாக வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர் வீட்டு மக்கள். அவர்கள் பெயரை உலகமே சொன்னது. அன்றைக்கு நான் அழுதேன். அந்த இரண்டு பெயர்களுக்குப் பின்னால் எத்தனை பெயர்கள் சொல்லாமல் கிடக்கின்றன!

சுற்றுலா வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுமலை ரோட்டில் வண்டியை நிறுத்தி யானைக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிற சுற்றுலா வேண்டாம். காற்றில் வாசனை பிடித்து, “நில்லுங்கள், பக்கத்தில் இருக்கிறது” என்று சொல்கிற நம் பழங்குடிப் பாடியிலிருக்கும் அண்ணன் முன்னால் நடக்கட்டும். அவனுக்குச் சம்பளம் கொடுங்கள், சீருடை கொடுங்கள். தேவாலாக் குழிகளுக்கு வேலி போட்டு, அதில் குறும்பர் கதையை எழுதிவையுங்கள்.

விழாக் குழுவினரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த வருஷம் இந்தத் தலைவர் நாற்காலியில் ஒரு குறும்பர் மூப்பனை உட்கார வையுங்கள். நான் கீழே உங்களோடு உட்கார்ந்து கேட்கிறேன்.