“சார், நாய் பல்லு பட்டுச்சு”

(கொல்லிமலையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளி வழியாக மேலே வந்தவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருப்பீர்கள். சிலருக்கு இன்னும் தலைசுற்றல் தீர்ந்திருக்காது. நமக்கு அது ஒரு மணி நேரப் பயணம். ஆனால் ஆபத்தில் இருக்கும் ஓர் உயிருக்கு ஒவ்வொரு வளைவும் கணக்கு. கீழே உள்ளவர்கள் பிரச்சினை வந்த பிறகு யோசிக்கலாம். மலையில் இருப்பவர்கள் வருவதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிகள் விஷயத்தில் அப்படி யோசித்து வைப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி, ஒருநாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். “என்னம்மா?” என்று கேட்டேன். “முள்ளு குத்திடுச்சு சார்” என்றாள். விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, மதிய உணவு நேரத்தில் அவள் தோழி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “சார், அது முள்ளு இல்ல. நாய்க்குட்டி பல்லு பட்டுச்சு. அந்தக் குட்டி நேத்து செத்துப்போச்சு.”

அன்று மதியமே அவள் அம்மாவை வரவழைத்து, இருவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். காயத்தைக் கழுவி, இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் போட்டார்கள். மீதித் தவணைகளையும் தவறாமல் போட்டுக்கொண்டாள். இன்று ஏழாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். அந்தக் குட்டிக்கு ரேபிஸ் இருந்ததா இல்லையா என்பது கடைசி வரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வராமல் போனதே பெரிய நிம்மதி.

பிறகு அவளைத் தனியாக உட்கார வைத்து, “ஏம்மா முதல்லயே சொல்லல?” என்று கேட்டேன். “அப்பா குட்டிய கொண்டுபோய் விட்டுடுவாரு சார்” என்றாள். கொஞ்சம் தயங்கி, “நீங்களும் திட்டுவீங்கன்னு” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அதற்கு முந்தைய வாரம்தான் பள்ளி வாசலில் நாய்க்குட்டியோடு விளையாடிய ஒரு பையனை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன். நல்லதற்குத்தான் திட்டினேன். ஆனால் வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு: நாயோடு ஏதாவது ஆனால் சாரிடம் சொல்லக் கூடாது. இத்தனைக்கும் விலங்குகளைப் பற்றிய பாடத்தில் அவள் முழு மதிப்பெண் வாங்கியவள்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். கடித்தாலும், நகம் பட்டாலும், காயத்தில் நக்கினாலும் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு கிடையாது. இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றவை எல்லாம் இதற்குத் துணையாக வருபவை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரேபிஸ் காத்திருந்து கொல்லும் நோய். காயத்தின் வழியே நுழையும் கிருமி, நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகரும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். சில நேரம் ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன் தடுப்பூசியை முறையாகப் போட்டுக்கொண்டால் அநேகமாக யாரும் இறப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது நேரம். அந்த நேரத்தைப் பிள்ளையின் மௌனம் தின்றுவிடக் கூடாது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களிடமிருந்தே வருகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கும் வயது அது.

பிள்ளை வந்து சொல்லிவிட்டது. இனி நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அடுத்து மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள் போட்டபின், அன்றிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த இடத்தில் தாத்தா பாட்டிகளின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். “தொப்புளைச் சுற்றி 14 ஊசி” என்று அவர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. பழைய தடுப்பூசி வயிற்றில்தான் போடப்பட்டது. இந்தியாவில் அது நிறுத்தப்பட்டு 20 ஆண்டுகள் ஆகப்போகிறது என்று கூடச் சொல்ல முடியாது. 20 ஆண்டுகள் ஆகியே விட்டன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். இதைப் பெற்றோர் கூட்டத்தில் நாம் சொன்னால், ஊசிக்குப் பயந்து வேர் தேடிப் போகிறவர்கள் குறைவார்கள். 1885-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மீஸ்டருக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்த கதையை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர் பெயரில் நம் நீலகிரியின் குன்னூரில் 1907-இல் தொடங்கிய நிறுவனம் இந்தத் தடுப்பு மருந்துக்காகவே பெயர் பெற்றது என்பதையும் சொல்லுங்கள். தங்கள் வயதுப் பிள்ளையில் தொடங்கிய கதை என்றால் கவனித்துக் கேட்பார்கள்.

சரி, நாய் வைத்திருக்கும் வீட்டின் பொறுப்பு என்ன? கொல்லிமலையில் நாய் என்பது அழகுக்கு வளர்ப்பது அல்ல. மிளகுக் கொடியையும் பலாவையும் ஆட்டுப் பட்டியையும் காவல் காப்பது. பெரும்பாலும் கட்டாமல்தான் திரியும். ஆகவே ஒரு வீட்டு நாய்க்கு ஊசி போடவில்லை என்றால், அது அந்த ஊருக்கே உள்ள பிரச்சினை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. பூனைக்கும் வேண்டும். குட்டியாக இருக்கும்போது ஆசையாகத் தூக்கி வந்து, வளர்ந்தபின் மலைப்பாதையில் இறக்கிவிடுவதையும் பார்க்கிறோம். வளர்க்க முடியுமா என்று தூக்குவதற்கு முன் கேட்க வேண்டும் எனப் பிள்ளைகளிடம் பேசுங்கள்.

வெறி பிடித்த நாய் என்றால் குரைத்துக்கொண்டு துரத்தும் என்றே நினைக்கிறோம். சில நாய்கள் ஒடுங்கிப் படுத்துவிடும். தாடை தொங்கும், எச்சில் வழியும். மாட்டுக்கு ரேபிஸ் வந்தால் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருக்கும். எலும்பு சிக்கியது, கிழங்கு சிக்கியது என்று வாய்க்குள் கையை விடுவது நம் ஊர்களில் வழக்கம். தயவுசெய்து விடக் கூடாது. கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இதுவரை பிராணியால் மனிதருக்கு வரும் ஆபத்தைச் சொன்னேன். பிராணிக்கே ஆபத்து வந்தால்? உங்கள் வகுப்பில் “உனக்குப் பிடித்த வளர்ப்புப் பிராணி எது?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஆட்டுக்குட்டி என்பார்கள். பெயர் வைத்து வளர்ப்பார்கள். அந்த ஆடு குடும்பத்தின் சேமிப்பும் கூட. இங்கே ஆட்டுக்கு வரும் பெரிய ஆபத்து, வீட்டுக்கு எதிரிலேயே பச்சையாக நிற்கிறது: குச்சிக்கிழங்கு இலை.

மரவள்ளியின் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. பசியோடு இருக்கும் ஆடு கிழங்குக் காட்டில் புகுந்து வயிறு முட்டத் தின்றால், சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்கும், தள்ளாடும், வாயில் நுரை தள்ளும், விழுந்து வெட்டி இழுக்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு. மருத்துவர் ஊசியாகப் போட வேண்டும். தள்ளாடும் ஆட்டுக்கு வாயைப் பிளந்து எண்ணெயோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நஞ்சில் பிழைத்தாலும் அதனால் சாகும். ஆக, இங்கே மருந்தைவிடத் தடுப்பதே பெரிது. கிழங்கு வெட்டும் நாளில் ஆட்டைக் கட்டிவைப்பது, இலையை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுப்பது, பசியோடு அந்தப் பக்கம் ஓட்டாமல் இருப்பது. பள்ளி விட்டு வந்து ஆடு மேய்ப்பது நம் பிள்ளைகள்தான். அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

அடிபட்ட நாயைத் தூக்கும்போது அது வளர்த்தவரையே கடிக்கும். அது துரோகம் அல்ல, வலி. சாக்கையோ பலகையையோ அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். பிள்ளைகள் தொடக் கூடாது. பெரியவரை அழைப்பதே அவர்கள் வேலை. இன்னொன்று, நம் மாத்திரையைப் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

இதையெல்லாம் தனிப் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. நம் வேலைப் பளு எனக்கும் தெரியும். நான்கு சிறு காரியங்கள் போதும்.

முதலாவது, வகுப்புச் சுவரில் ஓர் எண் பட்டியல்: மனிதருக்கு 108, கால்நடைக்கு 1962, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், பக்கத்துக் கால்நடை மருந்தகம். எந்த இடத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அதில் எழுதுங்கள். மலையில் அது எண்ணைவிட முக்கியம்.

இரண்டாவது, கை கழுவும் இடத்தில் எப்போதும் சோப்பு. 15 நிமிடக் கழுவலை ஒருமுறை எல்லோரும் செய்து பார்க்கட்டும்.

மூன்றாவது, வீட்டுக் கணக்கெடுப்பு. நாய், பூனை எத்தனை, கடைசி ஊசி எப்போது, அடுத்தது எப்போது என்று மாணவர்கள் எழுதி வரட்டும். கணக்குப் பாடத்துக்கு அட்டவணையும் ஆயிற்று. ஊருக்கு ஒரு பதிவேடும் ஆயிற்று.

நான்காவது, அந்தப் பதிவேட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, கால்நடைத் துறையிடம் முகாம் கேளுங்கள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளை உலக ரேபிஸ் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டிக் கேட்டால் பொருத்தமாக இருக்கும். கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத் தலைநகரான நாமக்கல்லிலேயே இருக்கிறது. வளப்பூர்நாடு, சேலூர்நாடு என்று நாம் சிதறிக் கிடந்தாலும், நாய்களின் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் பள்ளிக்குப் பதில் கிடைக்கும்.

முடிக்கும் முன் ஒன்று. போன மாதம் முதல் வகுப்புப் பையன் ஒருவன் பாதி வணக்கக் கூட்டத்தில் வரிசையை விட்டு ஓடி வந்தான். “சார், நாய் பல்லு பட்டுச்சு” என்று காலைக் காட்டினான். உண்மையில் அது கல் தடுக்கிய சிராய்ப்புதான். நாய் பக்கத்தில் நின்றிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் கழுவினோம், வீட்டிலும் விசாரித்தோம். வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை என்பதையும் பார்த்தார்கள்.