திருப்புறம்பியத்தில் ஜெயித்தது யார்?



ஜப்பானில் கோயெய் என்ற நிறுவனம் 1985-இல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. சீனாவில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி நடந்த மூன்று அரசுகளின் போராட்டம்தான் அதன் களம். அதே வரிசையில் புதிய புதிய பதிப்புகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. ஆடுகிறவர் அந்தக் காலத்து அரசர்களில் ஒருவராக மாறி நாட்டைப் பிடிக்க வேண்டும். கல்லூரியில் நான் வரலாறு சொல்லித்தந்த காலத்தில், இந்த விளையாட்டில் ஊறிப்போன மாணவன் ஒருவன் இருந்தான். “பெரிய ராஜாவை எடுத்தா சுவாரசியமே இல்ல சார். ஒரே ஒரு ஊரு, நாலஞ்சு தளபதி, பாதி காலியான நெல் களஞ்சியம், ரெண்டு பக்கமும் பெரிய படை. அப்படி ஒரு சின்ன ராஜாவை எடுத்து ஜெயிக்கணும்” என்பான்.

எப்படி ஜெயிப்பாய் என்று கேட்டேன். முதல் சில வருஷம் சண்டைக்கே போகக் கூடாதாம். வயலைத் திருத்தணும், ஆற்றுக்குக் கரை போடணும். இல்லையென்றால் வெள்ளம் வந்து விளைச்சலை அடித்துக்கொண்டு போய்விடுமாம். நல்ல ஆட்களைத் தேடிச் சேர்த்து, அவர்களுக்குப் பரிசு கொடுத்து, மனம் மாறாமல் பார்த்துக்கொள்ளணும். பெரியவர்கள் இருவரும் மோதும் வரை காத்திருக்கணும். அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தஞ்சாவூர்தான் கண் முன்னால் வந்தது. நேயர்களே, அவன் சொன்ன அந்தச் சின்ன ராஜா ஒன்பதாம் நூற்றாண்டில் நம் ஊரில் இருந்தார்.

அந்த நூற்றாண்டின் தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். வடக்கே காஞ்சியில் பல்லவர், தெற்கே மதுரையில் பாண்டியர். நடுவில் காவிரி நாடு. சங்க காலத்தில் கொடிகட்டிப் பறந்த சோழர்கள் அப்போது உறையூர், பழையாறைப் பக்கம் ஒதுங்கி, பல்லவருக்கு அடங்கிய குறுநில மன்னர்களாக இருந்தார்கள். தஞ்சையும் செந்தலையும் முத்தரையர் கையில். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துச் செந்தலைக் கோயில் தூண்களில் பெரும்பிடுகு முத்தரையரின் புகழைப் பாடும் தமிழ் வெண்பாக்களும் கட்டளைக்கலித்துறைகளும் இன்றும் இருக்கின்றன. புலவர்களை வைத்துப் போற்றிய அரச குலம் அது.

850-ஐ ஒட்டி விசயாலய சோழர் முத்தரையரிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றினார். அங்கே நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தார் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். முத்தரையர் பாண்டியர் பக்கம் சாய்ந்ததால், பல்லவருக்கு அடங்கியவராக இருந்துகொண்டே விசயாலயர் இதைச் செய்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஒரு பெரியவருக்கு விசுவாசமாக இருந்தபடியே தனக்கென்று ஒரு ஊரைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் எப்பேர்ப்பட்ட ஊர்! காவிரியும் அதன் கிளைகளும் விரியும் சமவெளியின் தலைவாசல் அது.

தஞ்சையைப் பற்றி இன்னும் பேசலாம். ஆனால் மனசு என்னைக் கும்பகோணத்துப் பக்கம் இழுக்கிறது, அங்கேயே போய்விடுகிறேன்.

அந்த நூற்றாண்டில் கும்பகோணத்தைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் எத்தனை போர் நடந்தது தெரியுமா? கும்பகோணத்தின் பழைய பெயர் குடமூக்கு. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் கங்கர், பல்லவர், சோழர் எல்லோரையும் அங்கே வென்றதாகச் சின்னமனூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அடுத்து, நிருபதுங்க பல்லவரின் படை அரிசிலாற்றங்கரையில் பாண்டியரை வென்றது என்கிறது பாகூர்ச் செப்பேடு. நாம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோமே, அதே அரிசிலாறுதான். மூன்றாவது போர்தான் பெரியது, திருப்புறம்பியம்.

இவர்கள் ஏன் திரும்பத் திரும்ப இங்கேயே வந்து மோதினார்கள்? மதுரையிலிருந்து புறப்படும் படைக்கும் காஞ்சியிலிருந்து புறப்படும் படைக்கும் வழியில் சோறு வேண்டும். ஆயிரக்கணக்கான வீரர்கள், குதிரைகள், யானைகள் எல்லாவற்றுக்கும் தீனி போட இவ்வளவு நெல் விளையும் இடம் நடுவில் வேறு இல்லை. இந்த நாட்டைப் பிடித்தவர் கையில் தென்னாட்டின் களஞ்சியச் சாவி. டெல்டாவில் பிறந்த நேயர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். சம்பா நிற்கும் வயலில் யானைப்படை இறங்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு போரிலும் தோற்றவரோடு சேர்ந்து உழவரும் தோற்றிருப்பார். நடுவில் மாட்டிக்கொண்ட சோழர்களுக்கு அது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

திருப்புறம்பியம் காவிரிக்கு வடகரையில், மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சாட்சிநாதர் கோயில். அங்குள்ள பிள்ளையாருக்கு விநாயகர் சதுர்த்தி இரவில் விடிய விடியத் தேன் அபிஷேகம் நடக்கும், பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், நாம் நிற்கும் ஊரின் மண்ணில்தான் தென்னாட்டின் தலையெழுத்து மாறியது என்று?

880-ஐ ஒட்டி அங்கே ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிரே பல்லவன் அபராசிதன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி. விசயாலயரின் மகன் ஆதித்த சோழரும் பல்லவர் பக்கம். பாண்டியன் தோற்றான். பிருதிவீபதி களத்திலேயே இறந்தான். தன் உயிரைக் கொடுத்து நண்பனுக்கு அபராசிதன் என்ற பெயர் பொருந்தும்படி செய்தான் என்று உதயேந்திரம் செப்பேடுகள் அவனைப் போற்றுகின்றன.

கிழவர் விசயாலயரை இரண்டு வீரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு களத்துக்குள் பாய்ந்தார்கள் என்று கல்கி எழுதியதைப் பொன்னியின் செல்வன் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்கும் அந்தப் பக்கங்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் செப்பேடுகள் சொல்லும் போரில் அந்தக் காட்சி இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் வாடும்.

அவர்களைத் தேற்ற நான் வேறொருவரைப் பற்றிச் சொல்வேன். பிற்காலச் சோழர் சரித்திரம் எழுதிய தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் 1892-இல் பிறந்தது இதே திருப்புறம்பியத்தில்தான். கும்பகோணத்தில் பள்ளியாசிரியராக இருந்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். தன் ஊரில் உதிரப்பட்டி என்று ஒரு தோப்பு இருப்பதையும், அங்கே கங்க மன்னனின் நினைவாக எடுத்த பள்ளிப்படைக் கோயிலையும் அவர் பதிவு செய்தார். சிறு வயதில் அவர் நடந்து திரிந்த வரப்புகளுக்கு அடியிலேயே ஒரு போர்க்களம். உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தன் ஊர்த் தோப்பின் பெயரைப் பொருட்படுத்தி எழுதி வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

சரி, அங்கே ஜெயித்தது யார்? பெயருக்கு அபராசித பல்லவன். ஆனால் பாண்டியன் வலுவிழந்தான், கங்கன் மாண்டான், பல்லவன் களைத்துப்போனான். காவிரி நாட்டில் சோழரின் பிடி இறுகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆதித்தர் பல்லவரின் தொண்டை மண்டலத்தின் மேலேயே படையெடுத்தார். யானை மேலிருந்த பல்லவன் மீது பாய்ந்து அவனைக் கொன்றார் என்கிறது வீரராசேந்திரரின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. யாருக்கு அடங்கியிருந்து, யார் பக்கம் நின்று போரிட்டாரோ, அவரையே! அடுத்த நானூறு வருஷ வரலாற்றை நம் ஊர்க்காரர் ஒருவர் மாற்றினார் என்ற பெருமிதத்தோடு இதைச் சொல்லும்போதே மனத்தின் ஓர் ஓரம் உறுத்தும். அந்த உறுத்தலையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

என் மாணவன் தன் விளையாட்டில் விரும்பி எடுக்கும் லியூ பெய் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான் போகிறது. நிலையான நிலம் இல்லாமல் அலைந்தவர். 208-இல் சுன் சுவானோடு சேர்ந்து செம்பாறைப் போரில் சாவ் சாவின் பெரும்படையைத் தடுத்தார். ஆறு ஆண்டுகளில் மேற்கே செழிப்பான யீ மாகாணம் அவர் கைக்கு வந்தது. 221-இல் பேரரசராக முடிசூடினார். ஆனால் மறு ஆண்டே பழைய கூட்டாளியான சுன் சுவானோடு மோதித் தோற்றார், 223-இல் இறந்தார். ஆதித்தர் கதை இங்கேதான் வேறுபடுகிறது: பல்லவரை வீழ்த்திய பிறகும் அவருக்கு மேற்கே, சேரரோடு, நல்ல நட்பு இருந்தது.

அந்த நட்புக்கு ஒரு சான்று திருவையாற்றுக்குப் பக்கத்தில் தில்லைஸ்தானம் நெய்யாடியப்பர் கோயிலில் இருக்கிறது. ஒருமுறை அந்த மாணவனோடு இன்னும் சிலரையும் அங்கே கூட்டிப்போனேன். விக்கி அண்ணன் என்ற தலைவனுக்கு ஆதித்தரும் சேர மன்னன் தாணு ரவியும் சேர்ந்து சிறப்புச் செய்த செய்தி அந்தக் கல்வெட்டில் வருகிறது. தவிசு, சாமரம், சிவிகை, திமிலை, காளம், யானைப்படை, செம்பியன் தமிழவேள் என்ற பட்டம். எழுத்தின் மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன். அவன் கண்கள் விரிந்தன. “சார், தளபதி வேற ராஜாகிட்ட போயிடாம இருக்க நாங்களும் இதையேதான் செய்வோம்!” என்றான். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று அவன் அந்தக் கல்வெட்டை முழுதாகப் படித்த பிறகுதான் கிளம்பினான்.

இரண்டு அரசர்கள் சேர்ந்து ஒருவனுக்கு இத்தனை மரியாதை செய்தார்கள் என்றால், அவன் இருவருக்கும் எவ்வளவு வேண்டியவனாக இருந்திருப்பான்! ஆதித்தரின் பலம் வாளில் எவ்வளவோ, அதே அளவு இந்தப் பட்டியலிலும் இருக்கிறது. பிருதிவீபதி பல்லவனுக்காக உயிரைக் கொடுத்தான் என்று சொன்னேனே, அவனுடைய பேரன் இரண்டாம் பிருதிவீபதி ஆதித்தரின் மகன் பராந்தகருக்குக் கீழே பெருமையோடு ஆண்டான். தாத்தாவின் வீர மரணத்தைச் சொல்லும் அந்த உதயேந்திரம் செப்பேடுகளை வெளியிட்டதே இந்தப் பேரன்தான், பராந்தகரின் பதினைந்தாம் ஆட்சியாண்டில். தான் பின்னர் வீழ்த்திய பல்லவனுக்காக உயிரைக் கொடுத்தவனின் பெருமையைச் செப்பேட்டில் பொறிக்க இடம் கொடுத்த அரசு அது.

ஆதித்தர் காவிரியின் இரு கரையிலும், சகிய மலை முதல் கடல் வரை, சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்தார் என்கிறது அன்பில் செப்பேடு. அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம். பராந்தகர் மதுரையைக் கொண்டது, பிறகு தக்கோலத்தில் வந்த சறுக்கல், அதற்கும் பின்னால் இராசராசர், இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நேரமும் ஆகிவிட்டது.

கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் வழியாகத் திருப்புறம்பியம் போகலாம். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சாட்சிநாதரைக் கும்பிட்டுவிட்டு, பள்ளிப்படை எங்கே என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். இன்னொரு நாள் தில்லைஸ்தானத்துக்கும் போய் விக்கி அண்ணனுக்குக் கிடைத்த சிறப்புகளைப் படித்துக்காட்டுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது பண்டாரத்தாரைப் போலத் தன் ஊரைப் பற்றி எழுத உட்கார வேண்டும் என்பது என் ஆசை.