சோர்ந்த மனமும் மூளையின் தொடர்புகளும்



ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளும் தனித்தனியே அரண்களாயினும், அவற்றைப் பிணைத்து ஓடும் மதில்களோடு சேர்ந்த பின்னரே அவை செஞ்சிக் கோட்டை என்று பெயர் பெறுகின்றன. 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் இட்ட முற்றுகை அத்தனை காலம் நீடித்ததில் அந்தப் பிணைப்புக்கும் பங்குண்டு என்பதை இவ்வூரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனித மூளையையும் இவ்விதம் நோக்க விஞ்ஞானம் கற்றுக்கொண்டது சமீப காலத்தில்தான். எந்தப் பகுதி பழுதுற்றது என்று மட்டும் தேடி வந்தவர்கள், எந்தப் பகுதி எதனோடு எவ்வாறு உறவாடுகிறது என்று வினவத் தொடங்கினார்கள்.

அவ்வினாவுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர், நம் தேசத்திலிருந்து அமெரிக்கா சென்று ஆராய்ந்த பரத் பிஸ்வால். 1995-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சகாக்களும், யாதொரு வேலையும் செய்யாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்களின் மூளையைக் கவனித்தபோது, கைகளை இயக்கும் இடப்புறப் பகுதியின் செயற்பாடும் வலப்புறப் பகுதியின் செயற்பாடும், கைகள் அசையாத அந்நேரத்திலும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்குவதைக் கண்டார்கள். ஓய்விலும் ஓயாத இந்த உறவே பின்வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அஸ்திவாரம். 2001-இல் மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவினரும், வெளிக்காரியம் எதிலும் ஈடுபடாதபோது சேர்ந்து உயிர்ப்புறும் பகுதிகளின் கூட்டம் ஒன்றை எடுத்துரைத்தார்கள்; தன்னைப் பற்றி நினைப்பதும், நடந்ததை அசைபோடுவதும், வரப்போவதைக் கற்பனை செய்வதும் அக்கூட்டத்தோடு சம்பந்தமுடையவை.

மனச்சோர்வு நோயில் இவ்வுறவுகளுக்கு என்ன நேர்கிறது? ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்து 2015-இல் ஆய்ந்தவர்கள், அகத்தை நோக்கும் அந்தக் கூட்டத்தின் உட்பிணைப்பு மிகுந்திருப்பதையும், கவனத்தை நெறிப்படுத்தும் பகுதிகளின் பிணைப்பு தளர்ந்திருப்பதையும், அந்நெறிப்படுத்தும் பகுதிகளுக்கும் புறவுலகைக் கவனிக்கும் பகுதிகளுக்கும் இடையேயுள்ள தொடர்பும் குறைந்திருப்பதையும் கண்டார்கள். நடு இரவில் விழித்துக்கொண்டு, என்றோ செய்த சிறு பிழையையே ஆயிரம் முறை நினைந்து நினைந்து வெதும்பும் ஒருவரிடம், "அதையே ஏன் நினைக்கிறாய், விட்டுத் தள்ளு" என்று சொல்லுகிறோமே, விட்டுத் தள்ளுவதற்கு வேண்டிய அந்தச் சக்தியே அவரிடத்தில் பலவீனப்பட்டிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தோமா? மணிலாக் கொல்லைக்குப் போகாமல் திண்ணையில் குந்தியிருப்பவனைச் சோம்பேறி என்றும், குழந்தை பிறந்த பின் சிரிப்பை மறந்த மருமகளைத் திமிர் பிடித்தவள் என்றும் ஏசும் நாவு, நோயின் மேல் இன்னொரு நோயை ஏற்றுகிறது.

ஆயினும் விஞ்ஞானம் இதில் முடிந்த முடிபு கண்டுவிட்டதென்று உங்களிடம் கூறுவது தருமமாகாது. 2019-இல் சீனாவில் 1,300 நோயாளிகளின் படங்களைத் தொகுத்து நோக்கியபோது, மீண்டும் மீண்டும் நோயுற்றவர்களிடம் அதே அகநோக்குக் கூட்டத்தின் பிணைப்பு மிகுவதற்குப் பதிலாகக் குறைந்தே காணப்பட்டது. அக்குறைவு மருந்து உட்கொள்வதோடு தொடர்புடையதாகவும் தோன்றியது. ஆகையால், ஸ்கேன் எடுத்து உங்கள் துயரத்தை அளந்து காட்டுகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்நோயை இன்றும் நிர்ணயிப்பது, எதிரே அமர்ந்து பொறுமையோடு வினவிக் கேட்கும் வைத்தியரே. மருந்தும், முறையான மனநல ஆலோசனையும் பெற்றவர்களிடம் இத்தொடர்புகள் மாறுவதையும் ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன; இதுவே எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தருகிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வால் பீடிக்கப்படுகிறார். நோயுற்றோர் நூற்றுவரில் ஏறக்குறைய 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் கண்ணீர் மல்க நிற்பவர்களின் பக்தியை நான் வணங்குகிறேன். அம்மனைத் தரிசித்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் பிரார்த்தனை. மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் சேவையில், 14416 என்னும் எண்ணை இரவிலும் பகலிலும் காசின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அந்த எண்ணை நெல் மூட்டைகளோடு விவசாயிகள் காத்திருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாசலிலும், பஸ் நிலையத்திலும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் பெரிய எழுத்துகளில் தீட்டி வைக்கப் பேரூராட்சியார் அனுமதி தர வேண்டும் என்றும், அதற்கான செலவை நம் சபை ஏற்க வேண்டும் என்றும் அவைத்தலைவர் அவர்கள் முன்னிலையில் இப்பொழுதே பிரேரணை செய்கிறேன்.